எந்த முத்திரை முதலில் விழுந்தது?

தி.நகரில் அய்யாதுரையின் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிற சரோஜாதேவிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி இறங்கவில்லை. பின்னே? தான் சொன்னது சரி என்று அன்றைக்கு மயிலாப்பூரில் எட்டு பேர் முன்னால் நிரூபித்தாக வேண்டும். முடியாவிட்டால் குழுவை விட்டே விலகிவிடுவதாக வீராப்பாக எழுதியும் தொலைத்திருந்தாள்.

குழு என்றால் பழைய போர்த் தளவாடம் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழு. அவளுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் துப்பாக்கி முனையில் மாட்டுகிற ஜெர்மன் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல என் பேர் வெட்டும்மா" என்றார். அதில் ஏற்கெனவே எழுத்தும் எண்ணும் அடித்திருந்தது. இது யார் பேருடா சாமி! அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் கைப்பேசியும் கையுமாகத் தேடி, இந்தக் குழுவிலும் சேர்ந்தாள். முதல் உலகப் போர்க் காலத்து முத்திரைகள் அவை. ஆர் என்றால் காலாட்படை ரெஜிமென்ட். ஏ.எம். என்றால் பீரங்கிகளுக்குக் குண்டு ஏற்றிப்போன வண்டிப் படை. இந்த வண்டிக்காரர்கள் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். சுட்டவனைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது, சுமந்தவனை யார் கேட்டார்கள் என்பாள்.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஸ்ரீஹரியின் கத்தியில் இரண்டு முத்திரையும் இருந்தன. முதலில் வண்டிப் படை, பிறகு காலாட்படை, ஆகவே இது கடைசிவரை போர்முனையில் நின்ற கத்தி என்பது அவர் பெருமை. தலைகீழாகச் சொல்கிறீர்கள் என்று இவள் எழுதினாள். போட்டோவை வைத்துப் பேசாதீர்கள், நேரில் வாருங்கள் என்றார் அவர். அந்தக் கோபத்தில் விழுந்ததுதான் வீராப்பு. ஊருக்கெல்லாம் அவள் 'பேர் வெட்டுற அம்மா'. அந்தக் குழுவில் மட்டும்தான் சரோஜாதேவி. அதுவும் போய்விடுமோ?

ஸ்ரீஹரி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். சரோஜாதேவி கத்தியை வெளிச்சத்தில் சாய்த்தாள். முத்திரைமேல் சாக்பீஸ் தூளைத் தேய்த்தாள். பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். அட, தெரிகிறதே!

"இங்க பாருங்க சார்! ஏ-வை அடிச்சப்போ இரும்பு தள்ளிக்கினு வந்து பக்கத்துல ஆர் எழுத்தோட காலை நசுக்கிக் கீது. ஏ முழுசா கீது. அப்போ எது பின்னாடி விழுந்தது?"

"இவ்ளோ உறுதியா எப்படிம்மா சொல்றேள்?" என்றார் ஸ்ரீஹரி.

"கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கை அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளி உடுறவங்க எத்தினி பேரு தெரியுமா? பழைய பேர் மேல உளி வச்சுப் புதுப் பேர் அடிக்கிறதுதான் சார் முகூர்த்த மாசத்துல என் பொழப்பே!"

கூடமே சிரித்தது. ஸ்ரீஹரி சிரிக்கவில்லை. கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்தார். "இருபது வருஷமா தப்பாச் சொல்லிண்டு இருந்திருக்கேனே" என்று முனகி, கத்தியோடு வைத்திருந்த விளக்க அட்டையைத் தம் கையாலேயே அடித்துத் திருத்தினார்: 'கடைசியாக வைத்திருந்தது, பீரங்கிக் குண்டு வண்டிப் படை. கண்டு சொன்னவர், சரோஜாதேவி.'

சரோஜாதேவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மற்ற ஏழு பேரும் பையைத் திறந்து ஆளுக்கொரு இரும்பை அவள் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஐயோ, தள்ளாதீங்க சார்! வரிசையா வாங்க!"