பெயரும் எண்ணும் ஒரே வரியில்

எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு பீரோக்கள் உண்டு. ஒன்றில் எச்.ஐ.வி. ஆய்வுக்கு வருகிறவர்களின் பெயர்கள், மற்றொன்றில் அவர்களுக்கு நாங்கள் கொடுத்த எண்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்பது வெளியே போய்விடக்கூடாது என்பதற்காக இரண்டு சாவிகளும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும். இந்த விதியை எழுதியவன் நான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பற்றி அரை மணி நேரம் வகுப்பெடுப்பவனும் நான். கொட்டாவி விடுகிறவர்களுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம்.

அந்த வருடம், நடந்துகொண்டிருந்த திட்டத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதல் நிதி கேட்டு விண்ணப்பம் போட்டோம். ஆபீஸ் பாஷையில் சப்ளிமெண்ட். மாமல்லபுரம் பக்கத்துக் கடலோர ஊர்களில் மாத்திரையை நிறுத்திவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் களப்பணியாளரை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளத்தான் நிதி. அந்தப் பெண் எங்களிடம் நோயாளியாக வந்து, பிறகு எங்கள் எல்லோரையும்விட நன்றாக வேலை செய்பவராக ஆனவர். அவருக்குத் தொற்று இருப்பது திட்டத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஊரப்பாக்கத்தில் வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் மகள். எல்லாம் அந்த ரகசியத்தின் மேல்தான் நின்றன.

விண்ணப்பம் காலையிலேயே செங்கல்பட்டில் பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவுக்குப் போய்விட்டது. மாலை ஐந்துக்குள் அவர்கள் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். பெரிய காரியத்தை முடித்துவிட்ட களைப்பில், மாமல்லபுரம் கிளினிக்கில் உட்கார்ந்து நான் வடை தின்றுகொண்டிருந்தேன்.

களப்பணியாளர் விண்ணப்பத்தின் தன் பிரதியோடு வந்தார். முகம் சரியில்லை.

“சார், பதினோராம் பக்கத்துல என் பேருக்கு நேரா இன்னா எழுதிக்கீறீங்க?”

பார்த்தேன். ஊழியர் எண் என்ற கட்டத்தில் ‘பி-47’ என்று இருந்தது. அவர் நோயாளியாக வந்த அன்று கொடுத்த எண். பத்து வருடமாக ஃபைல்களில் அவரை அப்படியே எழுதிப் பழகிய கை, இதிலும் எழுதிவிட்டது. பி-47 என்றால் யாருக்குப் புரியப்போகிறது என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். பி-யில் தொடங்கும் எண் தொற்றுள்ளவர்களுக்கு மட்டுமே என்று அதே விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக விளக்கியிருந்தவனும் நானே.

“ஆபீஸ்ல இத யாரு சார் படிப்பாங்க?”

பிரிவின் சூப்பிரண்டு அம்மா பக்கத்துக்குப் பக்கம் படித்துச் சுருக்கொப்பம் போடுவார் என்றேன்.

“அந்தக்காவா?” என்றார். “எங்க தெரு சார். டெய்லி ஒரே ட்ரெய்ன்லதான் செங்கல்பட்டு வரோம்.”

பிரிவுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. வடையைப் பாதியில் வைத்துவிட்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பினேன்.

“சப்ளிமெண்ட்டும் வேணா, ஒண்ணும் வேணா சார். வேல போனா போவுது. அக்கா கண்ணுல படறதுக்குள்ள அந்தப் பேப்பர புட்சிடணும்.”

திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்லூரிப் பேருந்துக்குப் பின்னால் மரியாதையாக ஊர்ந்துகொண்டிருந்தேன்.

“ஹாரன் அடிங்க சார். பெரிய மனுஷத்தனம்லாம் அப்பறம் வெச்சிக்கலாம்.”

அடித்தேன். மூன்றே முக்காலுக்கு உள்ளே நுழைந்தபோது சூப்பிரண்டு அம்மா தன் மேஜையில் இருந்தார். எதிரே எங்கள் ஃபைல், மூடியபடி. என்னைப் பார்த்தார். என் பின்னால் நின்றவரையும் பார்த்தார்.

“இன்னும் ஏத்தல சார். ஒரு பக்கம் மாத்தணும்னு நானே நிறுத்தி வெச்சிருக்கேன்.”

நான்காக மடித்த தாளை என்னிடம் நீட்டினார். பிரிக்கத் தேவையில்லை, பதினோராம் பக்கம்தான். படித்துவிட்டார், புரிந்தும்விட்டது. அறையில் வேறு யாரும் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

“ஆறு வருஷமா பக்கத்து பக்கத்துல ஒக்காந்து வரோம்,” என்று களப்பணியாளரிடம் சொன்னார். “ஒரு வார்த்த சொல்லலியேடி.”

“சொல்லியிருந்தா பக்கத்துல ஒக்காந்திருப்பியாக்கா?”

சூப்பிரண்டு அம்மா என் பக்கம் திரும்பி, “நேரம் ஆவுது சார், டைப் அடிங்க,” என்றார்.

திருத்திய பக்கத்தோடு விண்ணப்பம் நாலே முக்காலுக்கு ஏறியது. மடித்த தாளைக் களப்பணியாளர் என் கையிலிருந்து பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார். மாடிப்படியில் வைத்து மன்னிப்புக் கேட்டேன்.

“உங்க கிளாஸ்ல நானும்தான் ஒக்காந்தேன் சார். கொட்டாவி வுடாம,” என்றார்.

என் தவறை நெறிமுறைக் குழுவுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். அது சுலபமாக இருந்தது. ரயிலில் என்ன நடக்கிறது என்று அவரிடம் கேட்கத்தான் ஒரு வாரம் பயந்தேன். கடைசியில் அவரே சொன்னார்.

“அக்கா நல்லவதான் சார். பக்கத்துலதான் ஒக்கார்றா. முன்னாடி அவ டப்பாலயே ரெண்டு பேரும் நாஸ்தா துன்னுவோம். இப்ப எனக்குன்னு தனியா ஒரு தட்டு எட்த்தாறா.”

சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று துண்டுப் பிரசுரம் எழுதி ஊரெல்லாம் கொடுத்தவன் நான். அதில் ஒரு வரிகூட அப்போது வாயில் வரவில்லை.

“நீங்க என்ன பண்ணீங்க?”

“இன்னிக்கு அந்தத் தட்ட அவ மடிலயே திருப்பி வெச்சிட்டேன். டப்பாலேர்ந்து ஒரு இட்லிய எட்த்து, பாதிய நான் கட்சிட்டு மீதிய அவகிட்ட நீட்னேன்.”

“வாங்கினாங்களா?”

“வாங்கி, பரனூர் ஸ்டேஷன் வரிக்கும் கைலயே வெச்சிருந்தா. அப்பறம் வாய்ல போட்டுக்கினா. முழுங்க முடியாம தண்ணி கேட்டா சார்.” பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் காட்டினார். “இதத்தான் குட்த்தேன். வாய் வெச்சி குட்ச்சா.”