அக்காவை இளைக்க வைத்த விளம்பரம்

கொதிக்கும் பாலில் சத்துப் பொடி கரையும்போது எழும் அந்த வறுத்த இனிப்பு வாசனை, லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டைத் தாண்டித் தெருமுனை வரை போகும். பால் மட்டும் தம்பி பாபுவின் டம்ளரைத் தாண்டி என் பக்கமோ அக்கா பக்கமோ வந்ததில்லை. அதற்கு எங்கள் வீட்டுப் பெயர் "டப்பா பால்". டிவி விளம்பரத்தில் ஒரு பையன் அதைக் குடித்துவிட்டு மளமளவென்று உயர்ந்து, ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருவான். அவனுடைய அம்மா கைதட்டுவாள். "ஆம்பளப் புள்ள வளரணும். நீங்க வளந்து இன்னா பண்ணப் போறீங்க?" என்பாள் எங்கள் அம்மா.

பெண்களுக்கு வேறொரு விளம்பரம் இருந்தது. சோளத்தில் செய்த மொறுமொறு வில்லைகளைக் கிண்ணத்தில் போட்டுத் தின்னும் ஒருத்தி, சில நாளில் இடுப்பு சிறுத்து, சிவப்புப் புடவையில் திரும்பி நிற்பாள். கணவன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்ப்பான்.

என் அக்கா தேவி அப்படி இருக்கவில்லை. கரைக்கு வரும் படகிலிருந்து ஈரம் சொட்டும் மீன் கூடையை ஒற்றையாளாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பேசிச் சிரித்தபடியே மணலில் நடப்பாள். நண்டுக் குழம்பென்றால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுவாள். அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் கீறா. உடம்புதான் ஆம்பள மாதிரி. கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைக்கச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாளே நைனா பொன்னேரி போய் அந்த வில்லை டப்பாவை வாங்கி வந்தார். அம்மா அதைக் "காஞ்ச பொரி" என்றாள். காலையிலும் இரவிலும் தண்ணீர்ப் பாலில் நனைத்த அதுதான் அக்காவுக்குச் சாப்பாடு. நாங்கள் மடவை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது அவள் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். கூடை தூக்கும் வேலை மட்டும் குறையவில்லை. ஒருநாள் கரையில் கூடையோடு மயங்கி விழுந்தாள்; மீனெல்லாம் அவள் மேலேயே சிதறிக் கிடந்தது. ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்ட டாக்டரிடம், "டிவில காட்றதத்தான் குடுத்தோம் சார்" என்றாள் அம்மா, எந்த உறுத்தலும் இல்லாமல்.

கல்யாணம் நடந்தது. மணவறையில் அக்காவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்த அதே மாமியார், "இன்னா இது, நோயாளிப் பொண்ண நம்ம தலைல கட்டிட்டாங்களா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. அக்கா தலையை நிமிர்த்தவில்லை. முதல் கரு தங்காமல் போனபோதும் அவள் உடம்பைத்தான் குறை சொன்னார்கள். தம்பியோ அத்தனை டப்பாவைக் காலி செய்தும் நைனாவின் தோளைத் தாண்டி வளரவில்லை. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இருவரும் டிவி பார்த்தபடி இறால் உரித்துக்கொண்டிருந்தோம். இடுப்பைக் காட்டிய அந்தப் பழைய விளம்பரம் இப்போது எங்கேயும் வருவதில்லை. அப்படி ஒன்று இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்வதுமில்லை. அதே வில்லைகளைத் தின்றுவிட்டுத் தோள் திரண்ட ஒரு பெண் இப்போது பளு தூக்குகிறாள். பலம்தான் பெண்ணுக்கு அழகு என்கிறது விளம்பரத்தின் பின்னணியில் ஒரு குரல். அக்கா கையிலிருந்த இறாலைக் கீழே வைத்துவிட்டு அது முடியும்வரை பார்த்தாள்.

"இத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?" என்றாள்.