ரத்தினத்தோட சம்பளம் நான்தான்

டக்கட டக்கட டக்கட...

பவர்லூம் ஷெட்டுக்குள்ள ரெண்டு தறி ஒண்ணா ஓடினா பக்கத்துல நிக்கறவன் கத்தினாலும் காதுல விழாது. மெஷின் ஆயிலும் நூல் கஞ்சியும் கலந்த வாசனை சட்டையில ஏறிக்கும். துவைச்சாலும் போகாது.

நேத்து நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பெரிய ஃபுட்பால் டிஃபெண்டருக்கு அவ்ளோ பெரிய கான்ட்ராக்ட் தகுமா தகாதான்னு சண்டை. எனக்கு அந்த ஷெட்டுதான் ஞாபகம் வந்துச்சு. இதே சண்டையை நாம திருத்தணி ஸ்டேஷன் எதிர்ல, டீக்கடையில போட்டிருக்கோமே!

அப்ப எனக்கு மெடிக்கல் ஷாப்ல வேலை. ஞாயித்துக்கிழமை லீவு. நம்ம டீம்ல நான் லெஃப்ட் விங், சுமார்தான். பின்னாடி டிஃபென்ஸ்ல அம்மையார்குப்பம் முனிரத்தினம். அவனைத் தாண்டறதுக்குள்ள எதிர் டீம்காரனுக்கு நாக்கு தள்ளிடும்.

டோர்னமென்ட் வந்தப்ப அரக்கோணம் டீம் அவனைக் கூப்பிட்டாங்க. புது ஷூ, சாப்பாடு, எல்லாம் தர்றதா பேச்சு. ரத்தினம் நம்மகிட்ட வந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"எனக்கு துட்டு வாணாம்ங்க. ஞாயித்துக்கிழமையும் தறி ஓடிகினு கீது. நான் ஆட வந்துட்டா ஓனர் வேற ஆளைப் போட்டுடுவாரு. என் தறியப் பாத்துக்க ஒரு ஆளை வுடுங்க, நான் இங்கியே ஆடறேன்."

டீம்ல தறி தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். எங்க வீட்லயும் தறி இருந்துச்சு.

ஸ்ட்ரைக்கர் முரளிக்கு வந்துச்சே கோபம்... "இன்னா கேப்டன், ஒரு கோல்கூட போடாதவனுக்கு ஒரு ப்ளேயரையே தூக்கிக் குடுக்கறதா?"

கேப்டன் தேவராஜ் அண்ணன் டீயை ஆத்திக்கிட்டே கேட்டார். "போன வாரம் அவன் வரல. எத்தினி கோல் வாங்கினோம், நீயே சொல்லு."

முரளி வடையைப் பிச்சான்.

அப்படித்தான் நான் ரத்தினத்தோட சம்பளம் ஆனேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையேன்னு கடுப்புதான். ஆனா அவன் போயிட்டா டீமே காலின்னு எனக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை அம்மையார்குப்பத்துல நான் இறங்கற பஸ்லதான் அவன் ஏறுவான்.

ஃபைனல் வந்துச்சு. எதிர்ல அதே அரக்கோணம்.

அப்பல்லாம் தினமும் மத்தியானம் கரண்ட் போகும். போச்சுன்னா தறி நின்னுடும், ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிச்சு செகண்ட் ஹாஃபாவது பாத்துடலாம்னு கணக்கு போட்டேன். அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கிட்டே, மேல எரியற பல்பையே பாத்துட்டு நின்னேன். முருகா முருகான்னு வேண்டினேன். பாழாப்போன கரண்ட் அன்னிக்குன்னு பாத்து போகவே இல்ல.

சாயங்காலம் ரத்தினம் வந்தான். முட்டி வரைக்கும் சேறு. வாய் அசையுது, ஒண்ணுமே கேக்கல. நேரா போய் ரெண்டு தறியையும் நிறுத்தினான்.

"ஜெயிச்சிட்டோம் பாவா! ஒண்ணுகூட உள்ள வுடல."

"டேய், ஓனர் திட்டப் போறார்டா..."

"திட்டட்டும். இத்த உங்கிட்ட கத்தியா சொல்ல முடியும்?"

எனக்கு சந்தோஷம்தான். ஆனா... அவன் ஆடினதை நான் பாக்கலையே...

நேத்து குரூப்ல "டிஃபெண்டருக்கு எவ்ளோ வேணா குடுக்கலாம்"னு மல்லுக்கு நின்னது யார் தெரியுமா? சாட்சாத் முரளி!

இப்ப எந்த நாட்டு மேட்சா இருந்தாலும் ட்ரெயின்ல வரும்போதே போன்ல பாத்துடறேன். நல்ல டேக்கிள்னா ஸ்லோ மோஷன்ல திருப்பித் திருப்பிப் பாக்கறேன். அந்த ஃபைனல் மட்டும் எதுலயும் கிடைக்காது.

ரத்தினம், முரளி... ஒரு ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு வாங்கடா. தொப்பையோட ஆனாலும் பரவாயில்ல. அன்னிக்கு யார் எங்க நின்னீங்க, ரத்தினம் பந்தை எப்படி எடுத்தான்னு ஒரு தடவை எனக்கு ஆடிக் காட்டுங்க.