முதலில் எதை ஊற்றுவது

இன்று பால் டின்னில் ஆணியால் இரண்டு துளை போட்டதும் எழுந்த வாசனை, எழுபதுகளில் வளைகுடாவின் அஜ்மானில் ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில் நடந்த எங்கள் பள்ளிக்கூடத்தையும், அதில் ஓயாமல் உறுமிய ஏசியையும், கடல் ஈரத்தில் உப்பிப்போன ஆங்கிலப் புத்தகத்தையும் ஒன்றாக இழுத்து வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தில் பாடத்தை வாசித்து, பாடத்தில் உள்ளதையே விடையாக எழுத வேண்டும். ஒரு பாடம் தேநீர் போடுவது பற்றியது. கோப்பையில் முதலில் பால் என்றது புத்தகம். எதிரே இருந்த எங்கள் வாப்பாவின் டீக்கடையில், தூள் கொதித்துக் கறுத்தபின் கடைசியில்தான் டின் பால். நான் அதையே எழுதினேன்.

சார் சிவப்பு மையால் அடித்தார். "பாடத்துல அப்படியா இருக்கு?"

யாரையும் நிமிர்ந்து பார்க்காத நான் சொன்னேன்: "இல்ல சார். ஆனா நீங்க தினம் எங்க கடையில குடிக்கிற டீ அப்படித்தான் போடுறாங்க."

வகுப்பே சிரித்தது.

"வாயாடி! பரீட்சையிலயும் இப்படி எழுதுனா ஃபெயில்தான், பார்த்துக்க."

எழுதினேன். அந்த ஒரு விடைக்கான மதிப்பெண் குறைந்து, ஆங்கிலத்தில் தோற்று, அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தேன்.

முடிவு வந்த அன்று மாலையும் சார் கடைக்கு வந்து, "பாய், ஒரு டீ" என்றார். வாப்பா கடைசியில் பாலை ஊற்றிக் கொடுத்தார்கள். அவர் கிளாஸைக் காலி செய்யும்வரை நான் தலை குனியவே இல்லை.