ஆறு மணிக்குள் எட்டு ஓட்டு

காசிமேட்டுத் துறைமுகத்தில் மணி ஐந்தேகால். தாம்பரத்தில் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு மீன் வாங்க வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் வேட்பாளரின் பெயரைப் படித்து ஓட்டுப் போடுவது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்குச் சின்னம் போதும்.

நான் வழக்கமாக மீன் வாங்கும் ஸ்டெல்லாவும் மும்தாஜும் கையில் வாக்காளர் பட்டியலோடு கடலைப் பார்த்து நிற்கிறார்கள். இருவரும் எதிரெதிர்க் கட்சி. எட்டுப் பேர் மீன்பிடிக்கப் போன லாஞ்சு இன்னும் திரும்பவில்லை. ஆறு மணிக்குள் வரிசையில் நிற்காவிட்டால் எட்டு ஓட்டும் போய்விடும். எட்டும் தன் கட்சிக்குத்தான் என்று இருவருமே சொல்கிறார்கள்.

ஐந்தரைக்கு லாஞ்சு வந்து கரையணைகிறது.

“வா நைனா, டயம் ஆவுது,” என்கிறார் ஸ்டெல்லா.

“மீனு எறங்கட்டும்,” என்கிறார் லாஞ்சு டிரைவர். “அது கெட்டுப்பூடும். ஓட்டு இன்னா கெட்டா பூடும்?”

ஸ்டெல்லாவும் மும்தாஜும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடிக்கிறார்கள். மும்தாஜ் என் விரல் மையைப் பார்க்கிறார்.

“நீ போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்க்கா.”

“அப்ப சும்மாதான கீற. அந்தக் கூடையப் புடி.”

பிடிக்கிறேன். ஐந்து ஐம்பதுக்கு எட்டுப் பேரும் வாக்குச்சாவடிக்கு ஓடுகிறார்கள்.

“யாருக்குடா போடுவீங்க?” என்று ஸ்டெல்லா கத்துகிறார்.

“கூடையத் தூக்குனவங்களுக்குத்தான்,” என்கிறார் டிரைவர், திரும்பாமலே.

இருவரும் திருப்தியாகத் தலையசைக்கிறார்கள்.