காயாத இமை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நெடுமாறனுக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை உண்டு. கேட்பவர்களிடம் அந்த வேலையை மட்டும்தான் சொல்வான். வீட்டு உள்ளறையில் அவன் செய்கிற இன்னொரு வேலை தெருவில் யாருக்கும் தெரியாது. பிளாஸ்டிக் குதிரை பொம்மைகளை வாங்கி, ஆர்டர் கொடுப்பவர்களின் சொந்தக் குதிரையைப் போலவே மாற்றிக் கொடுப்பான்.

அதில் அவனுக்குப் பிடித்தது கண். பொம்மையில் கண் வெறும் மேடாக இருக்கும். அதைச் சுரண்டிக் குழியாக்கி, மிளகளவு உருண்டை ஒன்றைப் பதிப்பான். பிறகு, காய்ந்தால் கல்லாக இறுகும் ஒட்டுமாவை நூலாக உருட்டி இமைகளை வைப்பான். மேலிமையின் மடிப்பு சற்று ஏறினால் குதிரை மிரண்டு நிற்கும். சற்றுத் தாழ்ந்தால் அசந்து நிற்கும்.

கோயம்புத்தூரில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் ஜெயஸ்ரீ, செத்துப்போன தன் குதிரையின் படங்களை அனுப்பி அதேபோல ஒன்று கேட்டிருந்தார். அந்தக் குதிரைக்கு இடது இமை கொஞ்சம் சரிந்திருக்கும். பலமுறை பிய்த்துப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்தச் சரிவு அவனுக்குக் கைகூடியது.

அன்றைக்குத்தான் அனந்தபுரத்திலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது.

"வர்றவங்க கண்ணுல அதுங்க பட வேணாம்டா. இந்த வயசுல பொம்ம வெச்சி விளையாடுறான்னு நெனச்சிக்குவாங்க" என்றாள் அம்மா ஆண்டாள்.

அவனுக்கும் அதே எண்ணம்தான். எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளினான். இமை காயாத அந்த ஒன்றை மட்டும் அசைக்க முடியாமல் ஜன்னலோரம் விட்டுவைத்தான்.

பெண் அன்புக்கரசியோடு அவள் அண்ணன் மகளும் வந்திருந்தாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை உள்ளே போய்க் குதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னா தம்பி, தேசிங்கு ராஜா குதிரயா?" என்று பெண்ணின் அப்பா சிரித்தார்.

"அக்கா பையனோட பொம்மைங்க. விளையாடட்டும்" என்றான் நெடுமாறன்.

சொன்ன பிறகு எப்படித் திருப்பிக் கேட்பது? குழந்தை குதிரையை மடியில் படுக்கவைத்து, அதன் கண்ணை நகத்தால் நோண்டியது. மாவு பிதுங்கி வந்தது. அவன் கையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். அன்புக்கரசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு குதிரையை எடுத்துப் பார்த்தான். இடது கண் இருந்த இடம் நசுங்கிக் கிடந்தது. ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டு, கை தவறி விழுந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் நாள் ஆகும் என்றான். பரவாயில்லை, பொறுமையாகச் செய்யுங்கள் என்றார் அவர். அந்தப் பரிவைக் கேட்டபோது அவனுக்குக் கூசியது.

சம்பந்தம் பேசி முடிந்தது. ஒரு சாயங்காலம் அன்புக்கரசி போன் செய்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு அந்தப் பொம்மய பாப்பா நோண்டும்போது உங்க முகமே மாறிப்போச்சி. அது யாரோடது?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அது நீங்க செஞ்சதுன்னு சொல்ல வெக்கப்பட்டு, கெட்டுப்போறத சும்மா பாத்துக்கிட்டு இருந்தீங்க. நாளைக்கு என்னப் பத்தி நாலு பேரு ஏதாவது சொன்னாலும் இப்படித்தான் இருப்பீங்களா?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அவள் கோபத்தில் வைத்தாளா, வருத்தத்தில் வைத்தாளா என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல் பஸ் ஏறி அனந்தபுரம் போனான். அவள் அப்பா வாசலில் வேர்க்கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். அது அக்கா பையனுடைய பொம்மை இல்லை, தான் செய்தது, அதுவும் தன் வேலைதான் என்று நின்றபடியே சொன்னான். காதுமடல் சுட்டது. அவர் புரியாமல் கொஞ்சம் பார்த்துவிட்டு, இதைச் சொல்லவா வெயிலில் வந்தாய், உட்கார் என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது அவனை இன்னும் கூச வைத்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா அப்படி மறைத்தோம்?

இமையைப் பிறகு புதிதாகச் செய்து அனுப்பினான். ஜெயஸ்ரீ அழுதுகொண்டே நன்றி சொன்னார். விழவில்லை, தானேதான் கெட விட்டேன் என்று அவரிடம் சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போதும் யாராவது வேலை என்னவென்று கேட்டால், அவன் முதலில் சொல்வது செல்போன் கடைதான். அன்புக்கரசி பக்கத்தில் இருந்தால், அவள் முகத்தைப் பார்க்காமல் குதிரைகளையும் சொல்லிவிடுகிறான்.