தங்கை இருக்கும்வரை மிஸ் ஏவ்ரில்

மிஸ் ஏவ்ரில் பக்கத்து டவுனில் ஒரு பல் வைத்தியரின் முன்னறை மேசையில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அடுத்து யார் உள்ளே போக வேண்டும் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வேலை. மற்ற இடங்களில் "அடுத்த ஆள்" என்று சொல்லிவிடுவார்கள். இவர் சொல்ல மாட்டார். கர்னலைக் கர்னல் என்பார், பாதிரியாரை அவருக்குரிய முறையில் அழைப்பார், பன்றி வளர்க்கும் சிரிலைக்கூட "மிஸ்டர் சிரில் பட்ஜ்" என்று முழுதாகச் சொல்வார். பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போவான். வெளியே வரும்போது கர்னலும் சிரிலும் ஒரே மாதிரிதான் வருவார்கள்.

ஊரில் எல்லோரையும் அவரவர்க்குரிய பெயரால் அழைத்த அந்த அம்மாளை, அவருக்குரிய பெயரால் யாராலும் அழைக்க முடியவில்லை. அதில் யார் குற்றமும் இல்லை. அவருடைய தங்கை உயிரோடு இருந்தாள், அதுதான் காரணம்.

ஏவ்ரிலின் அப்பா பதினான்காவது டாரோபி பிரபு. முதல் டாரோபியை ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜா தன் சபைக்கு வரச் சொல்லி ஆணை அனுப்பினார். அவர் போனார், உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை, திரும்பி வந்துவிட்டார். இந்தச் சேவைக்காக அவருடைய சந்ததி உள்ளவரைக்கும் பிரபு பட்டம் என்று ஆயிற்று. இரண்டாமவர் நாட்டில் சண்டை வந்தபோது இரண்டு பக்கத்துக்கும் சத்தியம் செய்துகொடுத்தார். இரண்டு பக்கமும் அவர் தலையைக் கேட்டது, ஒரு பக்கம் முந்திக்கொண்டது. நான்காமவர் ராணியின் நாயைப் பற்றி ஏதோ அபிப்பிராயம் சொல்லி எட்டு வருடம் சிறையில் இருந்தார். ஏழாமவர் சொந்தக் குளத்தில் மூழ்கிச் செத்தார். அந்தக் குளத்தை நான் பார்த்திருக்கிறேன், வாத்துகள் அதில் நடந்து போகும். நடுவில் இரண்டு மூன்று பேர் எதுவுமே செய்யவில்லை. குடும்பத்தில் அவர்களைத்தான் பெருமையாகப் பேசுவார்கள். பன்னிரண்டாமவர் மாளிகையைச் சீட்டாட்டத்தில் விட்டார். ஏவ்ரிலின் அப்பா கோழிப் பண்ணை வைத்தார், அதையும் விட்டார். கடைசியில் மிச்சமிருந்தது பட்டம் ஒன்றுதான். அதை விற்கவோ அடகு வைக்கவோ சட்டத்தில் இடமில்லை.

அவருக்கு இரண்டே குழந்தைகள், இரண்டும் பெண்கள். பெரும்பாலான பட்டங்கள் ஆண் வாரிசு இல்லையென்றால் முடிந்துபோகும். டாரோபி பழைய ரகம், பெண்ணுக்கும் போகும், ஒரே பெண்ணாக இருந்தால். இரண்டு பெண்கள் என்றால் மூத்தவள், இளையவள் என்ற பேதமே கிடையாது, இருவரும் சமம். எங்கள் நாட்டுச் சட்டம் பெண்களை இவ்வளவு நியாயமாக நடத்திய வேறு இடம் எனக்குத் தெரியாது. இருவரும் சமம், பட்டத்தை வெட்டிப் பங்கு போட முடியாது, ஆகவே இருவருக்கும் கிடையாது. பிள்ளையில்லாமல் ஒருத்தி செத்தால் அந்த நிமிடமே மற்றவள் சீமாட்டி. அதுவரை பட்டம் சும்மா கிடக்கும்.

இருவருக்குமே பிள்ளை இல்லை. ஏவ்ரில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்தவர்கள் யாரும் ஒரு சீமாட்டிக்குப் பொருத்தமாக இல்லை என்றார், சீமாட்டி ஆவதற்கு முன்பே. தங்கை உர்சுலா பால் வண்டி ஓட்டிய லென் ஹாப்டேயைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்தாள். லென் செத்த பிறகு ஏவ்ரில் தங்கை வீட்டுக்கே குடிவந்துவிட்டார். என் கடைக்கு அடுத்த வீடு. சுவர் மெல்லிசு, நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

"உன் இருமல் எப்படி இருக்கு?" என்று காலையில் அக்கா கேட்பார்.

"ஏன், சவப்பெட்டிக்கு அளவெடுக்க ஆள் வரச் சொல்லியிருக்கியா?" என்பாள் தங்கை.

"கேட்டேன், அவ்வளவுதான்."

"இன்னைக்கு இல்லக்கா. நாளைக்கு வேணா பாக்கலாம். அந்த வெண்ணெயை இப்படித் தள்ளு."

ஏவ்ரில் தன் ஆசையை ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை. தங்கை போன பிறகும் தான் உயிரோடு இருக்க வேண்டும், அதற்காகவே ஓட்ஸ் கஞ்சி குடித்தார், தினமும் சர்ச் வரைக்கும் போய்வந்தார், வெண்ணெயைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். உர்சுலா பன்றிக் கொழுப்பில் பொரித்த ரொட்டி தின்றாள், சிகரெட் பிடித்தாள், இருட்டில் விளக்கில்லாத சைக்கிளில் போனாள். யார் முதலில் போவார்கள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் ஒத்துவரவே இல்லை. உர்சுலாவின் சிகரெட்டை ஒளித்து வைத்தது ஏவ்ரில். மார்கழிக் குளிரில் அவளுக்குக் கம்பளி மஃப்ளர் பின்னியது ஏவ்ரில். இருமல் ஒரு வாரம் நீண்டால் காதைப் பிடிக்காத குறையாக டாக்டரிடம் இழுத்துப் போனதும் ஏவ்ரில்தான். ஒருத்தி எப்போது சாவாள் என்று காத்திருப்பவர் செய்கிற வேலையா இது? ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"இது வேற, அது வேற, டோரீன்," என்றார். எனக்குத்தான் புத்தி போதாது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

ஓட்ஸ் குடித்தவர்தான் படுத்தார். நாடாளுமன்றத்திலிருந்து பரம்பரைப் பிரபுக்களைக் கட்டுக்கட்டாக வெளியே அனுப்பிய அதே வருடம். டாரோபி பட்டத்துக்கு அதுவரை உட்கார ஒரு நாற்காலியாவது இருந்தது, அதுவும் போயிற்று. ஏவ்ரிலுக்கு வயிற்றில் கட்டி. கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் உர்சுலாவிடம் சொன்னார்.

அன்று அவள் என் கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல் நின்றாள்.

"அவ ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான்டி. அதைப் பாக்காமப் போயிடுவா போலிருக்கு," என்றாள். "நான் இருக்கேனே, அதான் இடைஞ்சல்."

மறுநாள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு லண்டனுக்கு ரயிலேறினாள். பட்டங்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. ஓர் இளைஞன் மிகவும் மரியாதையாக அவளை உட்கார வைத்து, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டானாம். திரும்பி வந்து அவள் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

"நீங்க விட்டுக்கொடுக்கறேன்னு சம்மதிச்சா, உங்க அக்காவுக்கே கொடுக்கச் சொல்லி அரண்மனைக்கு மனு போடலாங்க. தடையே இல்ல."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"போன தடவை ஒண்ணு சீக்கிரமாவே முடிஞ்சுதுங்க. நாலு வருஷம்."

"அக்காவுக்கு ரெண்டு மாசம்தான் தம்பி இருக்கு."

அவன் நிஜமாகவே உதவ நினைத்திருக்கிறான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னானாம்: "இன்னொரு வழியும் இருக்குங்க. மனுவே வேண்டாம். அவங்களுக்கு முன்னாடி நீங்க..."

"செத்துட்டா."

"அதேதாங்க. அன்னைக்கே வந்துடும். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்குங்க."

"எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கிட்டேன். நல்ல பையன். ரயில்ல வரும்போது அந்த வழியையும் யோசிச்சேன்டி. ஆனா நான் போயிட்டா அவளுக்கு யாரு சூப் வச்சுக் கொடுப்பா? உன் சூப்பை அவ வாயில வைக்க மாட்டா."

அது உண்மைதான், அதனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

"அரண்மனை கூப்பிட்டாத்தானா? நாம கூப்பிட்டா என்ன?" என்றாள் பிறகு. "நீங்கள்லாம் 'லேடி டாரோபி'ன்னு ஒரு தடவை கூப்பிடுங்க. அவ காதுல விழட்டும். போதும்."

என் அப்பா ரயில்வே தொழிற்சங்கக்காரர். பிரபுக்களைப் பற்றி அவர் சொன்னதை அச்சில் போட முடியாது. ஆனாலும் சரி என்றேன். அன்று சாயங்காலமே பப்பில் பேசி முடித்தோம். முதலில் கூப்பிடப் போவது சிரில் பட்ஜ் என்று முடிவாயிற்று, அவன்தான் தொப்பியை அழகாகக் கழற்றுவான். இரண்டு நாள் தன் பன்றிகளிடம் சொல்லிப் பழகினான். அவை மறுப்புத் தெரிவிக்கவில்லை என்றான்.

நாங்கள் போன காலையில் மூடுபனி, எதிர் வீடு தெரியவில்லை. உர்சுலா மருந்து வாங்க டவுனுக்குச் சைக்கிளில் போயிருந்தாள். ஏவ்ரில் மாடியில் படுத்திருந்தார். எழுந்து நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் பழத்தட்டோடு பின்னால் நின்றேன். சிரில் ஒரு கையில் பன்றிக்கறிப் பணியாரம், மறு கையில் தொப்பி.

"குட் மார்னிங், லேடி டாரோபி," என்றான். பிசகில்லாமல் சொன்னான்.

அப்பா செத்ததிலிருந்து இருபத்தெட்டு வருடம் அந்த அம்மாள் காத்திருந்த வார்த்தை. முகம் மலரும் என்று நாங்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்துபோயிற்று.

"எங்க?" என்றார்.

"எது எங்கங்க?" என்றான் சிரில்.

"எந்த இடத்துல? பாலத்துக்கிட்டயா? பீட்ரூட் லாரியா? பனியில அவனுங்க எவனும் வேகத்தைக் குறைக்க மாட்டானுங்களே..."

சிரிலுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்ததும் பழத்தட்டைக் கீழே வைத்தேன். அந்தப் பெயரால் அவரை அழைக்க வேண்டுமென்றால் உர்சுலா செத்திருக்க வேண்டும். ஊரில் அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

"ஐயோ, யாரும் சாகல மிஸ் ஏவ்ரில்! உர்சுலா மருந்து வாங்கத்தான் போயிருக்கா! நாங்க சும்மா, உங்க சந்தோஷத்துக்காக..."

"பொய் சொல்லாத டோரீன். பட்ஜுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. அவ இருந்தா என்னை அப்படிக் கூப்பிட முடியாது. அதுதான் சட்டம். என் கோட்டை எடு."

எடுக்கவில்லை என்றால் கோட் இல்லாமலே போயிருப்பார். அந்த உடம்பு எப்படிப் படியிறங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் ஒரு கையைப் பிடித்துக்கொண்டேன், சிரில் பணியாரத்தோடு பின்னால் வந்தான். வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத அந்த வெள்ளைப் பனியைப் பார்த்து நின்றார். பிறகு அழுதார். பெரிய மனுஷி அழுகை இல்லை. சந்தையில் தொலைந்துபோன குழந்தை அழுமே, அது.

"இதையா கேட்டேன்? நான் இதைக் கேக்கவே இல்லையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "மஃப்ளராவது போட்டுட்டுப் போனாளா, டோரீன்? அதைச் சொல்லு."

போட்டுக்கொண்டுதான் போனாள் என்றேன். நான் பார்க்கவில்லை.

கடைசியில் சைக்கிள் மணி கேட்டது, அதற்கப்புறம் பனியில் ஒரு சிகரெட் நெருப்பு. உர்சுலா எங்களைப் பார்த்துக் காலை ஊன்றினாள்.

"என்ன, வீடு பத்திக்கிச்சா? நீ ஏன்க்கா எழுந்து வந்த?"

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினார் ஏவ்ரில். அந்த மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சைக்கிளின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, விடச் சொல்லியும் விடவில்லை. உர்சுலா எங்கள் முகங்களைப் பார்த்தாள், விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தாள்.

மாடிக்குக் கூட்டிப் போகும்போது ஏவ்ரில் திரும்பி நின்றார்.

"மிஸ்டர் பட்ஜ். இவ இருக்கிற வரைக்கும் நான் மிஸ் ஏவ்ரில். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க, லே... மிஸ்."

நவம்பர் கடைசியில் அவர் மிஸ் ஏவ்ரிலாகவே இறந்தார், தங்கையின் கையைப் பிடித்தபடி. அந்த நிமிடம் உர்சுலா பதினைந்தாவது டாரோபி ஆனாள். சட்டம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அவள் கீழே வந்து கெட்டிலை அடுப்பில் வைத்தாள், பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்தாள், ஒன்றைத் திரும்ப வைக்கத் தெரியாமல் நின்றாள்.

சவ அடக்கம் முடிந்த மறுநாள் சிரில் என் கடையில் அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். இந்தமுறை சட்டப்படி சரியாகத்தான் சொல்லப் போனான். அவள் வாயைத் திறக்கவிடவில்லை.

"வேண்டாம் சிரில். நீ அதைச் சொன்னா ஏவ்ரில் இல்லைன்னு அர்த்தம். மிஸஸ் ஹாப்டேன்னு கூப்பிடு, இல்ல கூப்பிடாம இரு."

அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தாள். ஊரில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. அவளோடு பட்டமும் முடிந்துபோயிற்று. ஆக, லேடி டாரோபி என்று கடைசியாக ஒருவர் அழைக்கப்பட்டார் என்றால் அது ஏவ்ரில்தான். டவுனிலிருந்து ஒரு சைக்கிள் வந்து சேரும்வரை அவர் சீமாட்டியாக இருந்தார். அவ்வளவு நேரமும் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.